எண்ணியில் பதிந்தும் படிக்கப்படாத துடிப்புகள்: நியூட்ரான் விண்மீன் ஆய்வில் விண்வெளி எக்ஸ் கதிர் வானியலின் பங்கு (1962–2013)

ஆய்வுச் சுருக்கம்

துடிப்பு விண்மீன்களின் வரலாறு பெரும்பாலும் 1967ஆம் ஆண்டின் வானொலித் தொலைநோக்கிக் கண்டுபிடிப்பிலிருந்தே தொடங்கி எழுதப்படுகிறது. எக்ஸ் கதிர் நோக்கீடுகள் அவ்வரலாற்றின் பின்னிணைப்பாகவே இடம்பெறுகின்றன. ராக்கெட், பலூன், செயற்கைக்கோள் ஆகியவற்றின்வழிப் பெறப்பட்ட எக்ஸ் கதிர்த் தரவுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்க்கும்போது வேறொரு படம் கிடைக்கிறது. நியூட்ரான் விண்மீன்களைப் பற்றிய சான்று கருவிகளில் முன்னரே பதிந்திருந்தும், அதனைப் படிப்பதற்குரிய வினா பின்னரே எழுந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. கருவியின் காலப் பகுதிறன், நோக்கீட்டின் நீளம், ஆய்வாளர் கொண்டிருந்த எதிர்பார்ப்பு ஆகிய மூன்றும் இதில் எவ்வாறு பங்காற்றின என்பது ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: துடிப்பு விண்மீன், நியூட்ரான் விண்மீன், எக்ஸ் கதிர் வானியல், உஹுரு, நண்டு நெபுலா, பொருட்சேர்வு, அறிவியல் வரலாறு.

முன்னுரை

கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், 1967ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பதிவுத்தாளில் கண்ட சிறு கீறலும், அது 1.337 விநாடிக்கு ஒருமுறை வரும் துடிப்பு என்று அதே ஆண்டு நவம்பரில் தெளிவானதும் அறிவியல் வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்டவை. அதன் சிறப்பைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும் வானொலித் துடிப்பு மட்டும் ஒரு நியூட்ரான் விண்மீனைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவே. துடிப்பின் காலவட்டமும் அது மெல்ல நீளும் வீதமும் கிடைக்கும். அப்பொருளின் நிறை, அதன் மீது விழும் பொருளின் அளவு, அதன் காந்தப்புலத்தின் நேரடி அளவு ஆகியவற்றுள் பெரும்பாலானவை எக்ஸ் கதிர்களின் வழியாகவே முதலில் அறியப்பட்டன. ஆகவே, "துடிப்பு விண்மீன் என்பது நியூட்ரான் விண்மீனே" என்னும் முடிவு எப்போது, எதனால் உறுதிப்பட்டது என்ற வினாவுக்கு விடை தேடுவோர், வளிமண்டலத்துக்கு மேலே சென்ற கருவிகளின் வரலாற்றைத் தனியே ஆராய வேண்டியுள்ளது.

கோட்பாடு கருவிக்கு வெகுமுன்பே வந்துவிட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், வெண் குறுமீன்களின் நிறைக்கு ஒரு மேல் எல்லை உண்டு எனக் கணித்தார். அது சூரிய நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அவ்வெல்லையைக் கடந்த விண்மீன் என்னவாகும் என்பதே அடுத்த வினா. 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். 1934இல் பாடேயும் ஸ்விக்கியும் சூப்பர்நோவா வெடிப்பின் எச்சமாக நியூட்ரான்களால் ஆன விண்மீன் தோன்றலாம் என்றனர். 1939இல் ஓப்பன்ஹைமரும் வோல்காஃபும் அத்தகைய விண்மீனின் கட்டமைப்பைக் கணித்தனர். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இக்கோட்பாடு நூலகத்திலேயே உறங்கியது. பத்துக் கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு பொருளைப் பல ஆயிரம் ஒளியாண்டு தொலைவில் எவ்வாறு காண்பது என்று எவருக்கும் தோன்றவில்லை.

வளிமண்டலத்துக்கு மேலே ஆறு நிமிடம்

வானிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைப் புவியின் வளிமண்டலம் முற்றிலுமாக உறிஞ்சிவிடுகிறது. உயிர்களுக்கு இது நன்மை; வானியலாருக்குத் தடை. 1949இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ஹெர்பர்ட் ஃபிரீட்மன் குழுவினர், போரில் கைப்பற்றப்பட்ட வி-2 ராக்கெட்டில் எண்ணிகளை அனுப்பிச் சூரியனின் எக்ஸ் கதிர்களை அளந்தனர். சூரியனை ஒரு மாதிரியாகக் கொண்டு மற்ற விண்மீன்களின் எக்ஸ் கதிர் அளவைக் கணக்கிட்டபோது, அவை அன்றைய கருவிகளுக்கு எட்டாத அளவு மங்கலாகவே இருக்கும் என்ற முடிவு கிடைத்தது.

இதனால்தான் 1962 ஜூன் 18 நள்ளிரவுக்குச் சற்று முன்பு நியூ மெக்சிகோவின் வைட் சேண்ட்ஸ் தளத்திலிருந்து ஏறிய ஏரோபீ ராக்கெட்டின் அறிவிக்கப்பட்ட இலக்கு நிலவாக இருந்தது. சூரியக் கதிர்பட்டு நிலவின் பரப்பு எக்ஸ் கதிரில் ஒளிர்கிறதா என்பதை அறியவே ரிக்கார்டோ ஜக்கோனி, ஹெர்பர்ட் குர்ஸ்கி, ஃபிராங்க் பாவ்லினி, புரூனோ ரோசி ஆகியோர் அக்கருவியை அனுப்பினர். கருவி 80 கிலோமீட்டருக்கு மேலே இருந்தது ஏறத்தாழ 350 விநாடிகள் மட்டுமே. நிலவிலிருந்து எதுவும் தென்படவில்லை. மாறாக, விருச்சிக மண்டலத்தின் திசையிலிருந்து எவரும் எதிர்பாராத வலிமையுடன் எக்ஸ் கதிர்கள் வந்தன. ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 என்று பின்னர்ப் பெயரிடப்பட்ட அப்பொருள், சூரியனுக்கு அப்பால் கண்டறியப்பட்ட முதல் எக்ஸ் கதிர் ஊற்று. அது நியூட்ரான் விண்மீனைக் கொண்ட இரட்டை அமைப்பு என்பது இன்று ஏற்கப்பட்டுள்ளது. ஆனால் முதலில் காணப்பட்ட அவ்வூற்றிலேயே துடிப்பு எதுவும் இன்றுவரை கண்டறியப்படவில்லை. துடிப்புள்ள ஊற்று ஒன்று முதலில் அகப்பட்டிருந்தால் இவ்வரலாறு வேறு வழியில் சென்றிருக்கலாம்.

நிலவைத் திரையாக்கிய சோதனை

1963இல் ஃபிரீட்மன் குழுவினர் ஸ்கார்பியஸ் எக்ஸ்-1ஐ உறுதிப்படுத்தியதோடு நண்டு நெபுலாவிலிருந்தும் எக்ஸ் கதிர்கள் வருவதைக் கண்டனர். 1054ஆம் ஆண்டில் சீன வானியலார் பதிவு செய்த சூப்பர்நோவாவின் எச்சமே நண்டு நெபுலா. உறங்கிக் கிடந்த நியூட்ரான் விண்மீன் கோட்பாடு உடனே விழித்தெழுந்தது. புதிதாகப் பிறந்த நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பு பத்து மில்லியன் கெல்வின் வரை வெப்பங்கொண்டிருக்கக்கூடும். அவ்வெப்பநிலையில் அது எக்ஸ் கதிர்களையே மிகுதியாக உமிழும். ஆகவே, நெபுலாவின் நடுவில் ஒரு சிறு புள்ளியிலிருந்து கதிர்கள் வருகின்றனவா என்பதே வினாவாயிற்று.

அன்றைய எண்ணிகளுக்கு உருவம் காட்டும் திறன் கிடையாது. எனவே ஃபிரீட்மன் குழுவினர் நிலவைத் திரையாகப் பயன்படுத்தினர். 1964 ஜூலை 7 அன்று நிலவு நண்டு நெபுலாவின் முன்னே கடந்தது. நிலவின் விளிம்பு வானில் விநாடிக்கு ஏறத்தாழ அரை வில்விநாடி நகர்கிறது. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடங்களில் அது இரண்டரை வில்நிமிட அளவையே மறைக்க இயலும். ஆகவே நிலவின் விளிம்பு நெபுலாவின் நடுப்பகுதியைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்களைக் குறிவைத்து ராக்கெட்டை ஏவ வேண்டும். ஏவுதல் சற்றுத் தாமதித்தாலும் அடுத்த வாய்ப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரிடும். அக்குழுவினர் அதனைச் செவ்வனே நிறைவேற்றினர்.

ஊற்று ஒரு புள்ளியாக இருந்தால் எண்ணிக்கை ஒரு நொடியில் சரிய வேண்டும். அது படிப்படியாகவே குறைந்தது. எக்ஸ் கதிர்கள் ஏறத்தாழ ஒரு வில்நிமிடம் அகன்ற பரப்பிலிருந்து வருகின்றன என்றும், அவை நியூட்ரான் விண்மீனிலிருந்து வரவில்லை என்றும் முடிவு வெளியிடப்பட்டது. இன்று ஏற்கப்படும் தொலைவின்படி அப்பரப்பின் அகலம் ஏறத்தாழ இரண்டு ஒளியாண்டு. அடுத்த ஆண்டிலேயே பாகாலும் உல்ஃபும் வெளியிட்ட கணக்கு, நியூட்ரான் விண்மீன் நியூட்ரினோக்களை உமிழ்ந்து விரைவில் குளிர்ந்துவிடக்கூடும் என்று காட்டியது. இவ்விரண்டும் சேர்ந்து நியூட்ரான் விண்மீன் தேடலின் ஊக்கத்தைத் தணித்தன.

இங்கு ஒரு நுட்பத்தைப் பிரித்துணர வேண்டும். 1964இன் அளவீடு பிழையானதன்று. நண்டு நெபுலாவின் எக்ஸ் கதிர்களில் மிகப்பெரும் பகுதி அகன்ற பரப்பிலிருந்தே வருகிறது என்பது இன்றளவும் உண்மை. 1999இல் ஏவப்பட்டு, சந்திரசேகரின் பெயர் தாங்கும் சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகம், அரை வில்விநாடிப் பகுதிறனோடு எடுத்த படத்தில் அப்பரப்பின் உள்வளையமும் இருபுறம் பாயும் தாரைகளும் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றின் நடுவே ஒளிரும் புள்ளியும் தெரிகிறது. 1964இன் சோதனை விலக்கியது "அனைத்துக் கதிரும் ஒரு புள்ளியிலிருந்து" என்ற கருத்தை மட்டுமே. "ஒரு சிறு பகுதி ஒரு புள்ளியிலிருந்து" என்ற கருத்தைச் சோதிக்க அவ்வெண்ணிகளில் போதிய எண்ணிக்கை இல்லை. சோதனை சொன்னதற்கும் சோதனையிலிருந்து வாசகர் பெற்றுக்கொண்டதற்கும் இடையிலான இந்த இடைவெளியிலேயே நண்டின் துடிப்பு விண்மீன் ஐந்து ஆண்டுகள் மறைந்திருந்தது எனலாம்.

33 மில்லி விநாடி

பெல்லின் கண்டுபிடிப்பு 1968 பிப்ரவரியில் அச்சேறியது. அதே ஆண்டில் தாமஸ் கோல்டு, துடிப்புகளைச் சுழலும் நியூட்ரான் விண்மீனின் கலங்கரை விளக்க ஒளியாக விளக்கினார். அதற்குச் சற்று முன்பே, வலிய காந்தப்புலத்துடன் சுழலும் நியூட்ரான் விண்மீன் நண்டு நெபுலாவுக்கு ஆற்றல் வழங்கக்கூடும் என்று பிராங்கோ பச்சினி எழுதியிருந்தார். 1968இன் இறுதியில் ஸ்டேலினும் ரைஃபென்ஸ்டீனும் நண்டு நெபுலாவின் திசையில் வானொலித் துடிப்புகளைக் கண்டனர். அரெசிபோ தொலைநோக்கி அதன் காலவட்டத்தை 33 மில்லி விநாடி என்று நிறுவியது. அக்காலவட்டம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 36 நானோ விநாடி நீள்கிறது என்பதும் தெரியவந்தது. சுழற்சி தளர்வதால் வெளிப்படும் ஆற்றல் சூரிய ஒளிர்வைப்போல் ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். நெபுலா முழுவதும் ஒளிர்வதற்கு அது போதுமானது. 1969 ஜனவரியில் காக், டிஸ்னி, டெய்லர் ஆகியோர் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அத்துடிப்பைக் கண்டனர்.

எக்ஸ் கதிர் ஆய்வாளர் உடனே ராக்கெட்டுகளை ஆயத்தம் செய்தனர். 1969 மார்ச்சில் கடற்படை ஆய்வகமும் ஏப்ரலில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் அனுப்பிய எண்ணிகள் அதே 33 மில்லி விநாடித் துடிப்பை எக்ஸ் கதிரில் பதிவு செய்தன. துடிப்பின் பங்கு நெபுலாவின் மொத்த எக்ஸ் கதிர் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடு. 1964இல் நிலவின் விளிம்பு மறைத்துச் சென்றும் தென்படாமல் போனது இந்த 5 விழுக்காடே.

இவ்விடத்தில் வரலாற்றாசிரியர்கள் அதிகம் பேசாத மற்றொரு பதிவு உண்டு. ஹூஸ்டனிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிஷ்மன், ஹார்ண்டன், ஹேம்ஸ் உள்ளிட்டோர் 1967 ஜூனில் ஒரு பலூனை ஏவி நண்டு நெபுலாவின் உயர் ஆற்றல் எக்ஸ் கதிர் நிறமாலையை அளந்திருந்தனர். எந்த ஆற்றலில் எத்தனை ஒளியன்கள் வருகின்றன என்பதே அவர்களுடைய வினா. எண்ணிக்கைகள் வந்துசேர்ந்த நேரமும் உடன் பதிவாகியிருந்தது. நண்டின் துடிப்பு அறியப்பட்டபின், 1969இல் அப்பழைய பதிவை எடுத்து, ஒளியன்கள் வந்த நேரங்களை 33 மில்லி விநாடி நீளமுள்ள அடுக்குகளாக மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தனர். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் ஓர் ஒளியன் கூட வந்திராது. பல்லாயிரம் சுழற்சிகளை மடித்து அடுக்கியபோது துடிப்பின் வடிவம் எழுந்தது. கேம்பிரிட்ஜின் பதிவுத்தாளில் முதற்கீறல் விழுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே ஒரு துடிப்பு விண்மீனின் எக்ஸ் கதிர்த் துடிப்பு நாடாவில் பதிந்து கிடந்திருக்கிறது. மடித்துப் பார்ப்பதற்கு ஒரு காலவட்டம் தேவை. அக்காலவட்டம் உண்டென்று எண்ணுவதற்கு ஒரு காரணம் தேவை. 1967 ஜூனில் இரண்டும் இல்லை. ஆயினும் பதிவு வீணாகவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய காலவட்டம் அதிலிருந்து கிடைத்தமையால், சுழற்சி தளரும் வீதம் அவ்விடைவெளி முழுவதும் ஒத்துவருவதை உறுதிசெய்ய முடிந்தது.

உஹுரு

பல பத்து ராக்கெட்டுகள் பறந்தபின்னும் அவற்றின் நோக்கீட்டு நேரத்தை எல்லாம் கூட்டினால் சில மணி நேரமே தேறும். எனவே எக்ஸ் கதிர் வானியலுக்கென்றே ஒரு செயற்கைக்கோள் வேண்டும் என்று ஜக்கோனி குழுவினர் முன்மொழிந்தனர். அது 1970 டிசம்பர் 12 அன்று, கென்யாவின் கடற்கரைக்கு அப்பால் இத்தாலியின் சான் மார்கோ மேடையிலிருந்து ஸ்கவுட் ராக்கெட்டில் ஏவப்பட்டது. அன்று கென்யாவின் விடுதலை நாள். திட்ட மேலாளரான மார்ஜரி டவுன்சென்ட் அதற்கு "உஹுரு" என்று பெயரிட்டார். சுவாகிலி மொழியில் விடுதலை என்பது பொருள். நிலநடுக்கோட்டருகே ஏவியதில் வேறொரு நன்மையும் இருந்தது. சாய்வு குறைந்த அச்சுற்றுப்பாதை, எண்ணிகளைக் குழப்பும் கதிர்வீச்சுப் பட்டைகளைப் பெரும்பாலும் தவிர்த்தது.

உஹுருவின் எடை 142 கிலோகிராம். அதில் எதிரெதிர்த் திசை நோக்கிய இரண்டு விகிதமுறை எண்ணித் தொகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றின் பயனுறு பரப்பு ஏறத்தாழ 840 சதுர சென்டிமீட்டர். 2 முதல் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான கதிர்களை அவை எண்ணின. செயற்கைக்கோள் ஏறத்தாழ 12 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றி வானை வருடியது. தேவைப்படின் சுழற்சியைக் குறைத்து ஓர் ஊற்றைச் சற்று நீண்ட நேரம் நோக்கவும் இயன்றது. எண்ணிக்கைகள் ஒரு தொகுதியில் 0.192 விநாடிக்கும் மற்றதில் 0.384 விநாடிக்கும் ஒருமுறை திரட்டப்பட்டன.

இவ்வெண்கள் வெறும் கருவி விவரங்கள் அல்ல. 0.192 விநாடியில் திரட்டும் கருவிக்கு நண்டின் 33 மில்லி விநாடித் துடிப்பு தெரியாது. அது சராசரியில் கரைந்துவிடும். சில விநாடிக் காலவட்டமுள்ள துடிப்பு மட்டுமே அதன் வலையில் சிக்கும். வானொலித் துடிப்பு விண்மீன்களைப் பற்றி மட்டுமே அறிந்த காலத்தில் உருவான கருவி, அவற்றுள் புகழ்பெற்ற நண்டின் துடிப்பைக் காண இயலாமலும், எவரும் அறியாத மற்றொரு வகையைக் காண ஏற்றதாகவும் அமைந்தது தற்செயலே.

செண்டாரஸ் எக்ஸ்-3: மாறும் காலவட்டம்

1967இல் ராக்கெட் வழியாகக் கண்டறியப்பட்டிருந்த செண்டாரஸ் எக்ஸ்-3 என்னும் ஊற்றை உஹுரு 1971 ஜனவரியில் நோக்கியபோது, ஏறத்தாழ 4.84 விநாடிக்கு ஒருமுறை ஒழுங்கான துடிப்பு காணப்பட்டது. அது அதே ஆண்டில் வெளியிடப்பட்டது. அத்துடன் புதிரும் தொடங்கியது. துடிப்பின் காலவட்டம் நிலையாக இல்லை. நண்டின் காலவட்டம் நாளுக்கு நானோ விநாடிக் கணக்கில் நீண்டது. இதன் காலவட்டமோ சில மில்லி விநாடி அளவில் கூடியும் குறைந்தும் மாறியது. சுழலும் ஒரு விண்மீன் அத்தனை விரைவில் தளர்ந்து மீண்டும் விரைவது இயலாது. மேலும், அவ்வூற்று சில வேளைகளில் மிகவும் மங்கி, பின்னர் மீண்டும் ஒளிர்ந்தது. ஆறு நிமிடம் பறக்கும் ராக்கெட் ஒன்று அம்மங்கல் வேளையில் நோக்கியிருந்தால் அங்கு எதுவுமில்லை என்றே அறிவித்திருக்கும்.

விடை தந்தது நோக்கீட்டின் நீளம். நாள்கணக்கில் தொடர்ந்து திரட்டிய தரவுகளை ஈத்தன் ஷ்ரையர் உள்ளிட்ட குழுவினர் ஆராய்ந்தபோது, மங்குதல் 2.087 நாளுக்கு ஒருமுறை, ஏறத்தாழ அரை நாள் நீடிப்பது தெரிந்தது. துடிப்பின் காலவட்டமும் அதே 2.087 நாளில் ஒரு சைன் வளைவாக ஏறி இறங்கியது. ஊற்று மறைந்திருக்கும் இடைவேளையின் நடுப்புள்ளியில் அவ்வளைவு தன் சராசரி மதிப்பைக் கடந்தது. இரண்டு நிகழ்வுகளும் ஒரே கதையைச் சொன்னதும் ஐயம் நீங்கியது. துடிக்கும் பொருள் ஒரு பெரிய விண்மீனைச் சுற்றிவருகிறது. அதன் பின்னே செல்லும்போது மறைகிறது. நம்மை நோக்கி வரும்போது துடிப்புகள் நெருங்கியும் விலகிச் செல்லும்போது இடைவிட்டும் வருகின்றன. டாப்ளர் விளைவின் எளிய பயன்பாடே இது.

அதன் கணக்கும் எளியதே. காலவட்டம் சராசரியிலிருந்து ஏறத்தாழ 6.7 மில்லி விநாடி விலகுகிறது. 4.84 விநாடிக்கு அது ஆயிரத்தில் 1.4 பங்கு. ஒளியின் வேகத்தை அதனால் பெருக்கினால் விநாடிக்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர் சுற்றுவேகம் கிடைக்கிறது. 2.087 நாளில் அவ்வேகத்தில் சுற்றும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 1.2 கோடி கிலோமீட்டர். சூரியனிலிருந்து புதன் இருக்கும் தொலைவைவிடச் சிறியது. இதிலிருந்து துணை விண்மீனின் நிறை சூரியனைப்போல் 15 மடங்குக்குக் குறையாது என்ற எல்லை பெறப்பட்டது. கண்ணால் காண இயலாத ஓர் இணையை, அதன் துணையின் துடிப்பை மட்டும் கொண்டு நிறுத்துப் பார்த்த நிகழ்வு இது. அத்துணை விண்மீனைக் கிரெமின்ஸ்கி ஒளியியல் தொலைநோக்கியால் கண்டறிந்தது 1974இல்தான்.

ஹெர்குலிஸ் எக்ஸ்-1இல் 1.24 விநாடித் துடிப்பும் 1.7 நாள் சுற்றுக்காலமும் 1972இல் வெளியிடப்பட்டன. அதன் துணையான எச்.இசட். ஹெர்குலிஸ் பல பத்தாண்டுகளாகவே மாறொளி விண்மீன் பட்டியலில் இருந்தது. அது ஏன் மாறுகிறது என்பதற்குரிய காரணம்தான் அதுவரை தெரியாமலிருந்தது. எக்ஸ் கதிரால் சூடேறிய அதன் ஒரு பக்கம் நம்மை நோக்கித் திரும்பும்போது அது பொலிகிறது.

ஆற்றலின் ஊற்று

இரட்டை அமைப்பு என்பது தெளிந்ததும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற வினா தீர்ந்தது. துணை விண்மீனிலிருந்து பெயரும் வாயு நியூட்ரான் விண்மீனின் கடும் ஈர்ப்பில் வீழ்கிறது. அவ்வாறு வீழும் பொருள் தன் நிறை ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை வெளிவிட இயலும். ஹைட்ரஜன் அணுக்கரு இணைவிலோ அது 0.7 விழுக்காடு மட்டுமே. ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 இத்தகைய பொருட்சேர்வால் ஒளிர்கிறது என்று சோவியத் வானியலார் ஷ்க்லோவ்ஸ்கி 1967இலேயே எழுதியிருந்தார். அன்று அது பல கருத்துகளுள் ஒன்றாகவே கருதப்பட்டது.

பொருட்சேர்வை உறுதிப்படுத்திய சான்று சுழற்சியில் இருந்தது. வானொலித் துடிப்பு விண்மீன்கள் தம் சுழற்சியைச் செலவழித்து ஒளிர்கின்றன, ஆகவே தளர்கின்றன. செண்டாரஸ் எக்ஸ்-3, ஹெர்குலிஸ் எக்ஸ்-1 ஆகியவற்றின் சுற்றுப்பாதை விளைவை நீக்கிப் பார்த்தபோது, அவற்றின் சராசரிக் காலவட்டம் ஆண்டுகள் செல்லச்செல்லக் குறைந்தது. அவை விரைந்து சுழலத் தொடங்கியிருந்தன. வீழும் வாயு தன் கோண உந்தத்தையும் கொண்டுசேர்க்கிறது என்பதே இதன் பொருள்.

"அப்பொருள் வெண் குறுமீனாக ஏன் இருக்கக்கூடாது?" என்ற வினாவும் இதே அளவீட்டால் விடைபெற்றது. ஒரே நிறையுள்ள வெண் குறுமீனின் ஆரம் நியூட்ரான் விண்மீனைவிடப் பல நூறு மடங்கு பெரியது. ஆகவே அதன் நிலைமத் திருப்புத்திறன் ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் மிகும். காணப்பட்ட ஒளிர்வுக்குரிய அளவில் பொருள் வீழ்ந்தால், அத்தனை கனத்த சக்கரம் இத்தனை விரைவாக வேகம் பெறாது. செண்டாரஸ் எக்ஸ்-3இன் காலவட்டம் சில ஆயிரம் ஆண்டுகளில் பெரிதும் குறையும் வீதத்தில் மாறியது. நியூட்ரான் விண்மீனின் சிற்றுருவுக்கே அது பொருந்தும். பிரிங்கிள்–ரீஸ் (1972), டேவிட்சன்–ஆஸ்டிரைக்கர் (1973), லாம்ப்–பெத்திக்–பைன்ஸ் (1973) ஆகிய ஆய்வுகள் இப்படத்தை முழுமையாக்கின. நண்டின் ஆற்றல் கணக்கு நியூட்ரான் விண்மீனை ஏற்கத்தக்கதாக்கியது. செண்டாரஸ் எக்ஸ்-3இன் இயக்கக் கணக்கு அதனைத் தவிர்க்க இயலாததாக்கியது என்று கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்தும். ஜக்கோனிக்கு நோபல் பரிசு கிடைத்தது 2002இல்.

காந்தப்புலத்தின் அளவும் எக்ஸ் கதிரிலிருந்தே நேரடியாகப் பெறப்பட்டது. 1976 மே மாதம் டெக்சாசின் பாலஸ்டைன் தளத்திலிருந்து யோவாகிம் டிரூம்ப்பர் குழுவினர் ஏவிய பலூன், ஹெர்குலிஸ் எக்ஸ்-1இன் நிறமாலையில் 58 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு கூறைக் கண்டது. வலிய காந்தப்புலத்தில் எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட ஆற்றல் படிகளிலேயே சுழல இயலும் என்பதால் தோன்றுவது அது. அதிலிருந்து கிடைத்த புலவலிமை ஏறத்தாழ ஐந்து லட்சம் கோடி காஸ். புவியின் புலம் அரை காஸ் அளவினது.

பெங்களூருவில் எழுந்த முன்கணிப்பு

1982இல் பேக்கர், குல்கர்னி உள்ளிட்டோர் 1.558 மில்லி விநாடிக் காலவட்டமுள்ள வானொலித் துடிப்பு விண்மீனைக் கண்டறிந்தனர். விநாடிக்கு 642 சுழற்சி. அதன் தளர்வு வீதமோ மிகக் குறைவு. ஆகவே காந்தப்புலமும் வலுக்குறைந்தது, வயதும் மிகுதி. முதிய விண்மீன் ஏன் இளையதைவிட வேகமாகச் சுழல வேண்டும்? பெங்களூரு இராமன் ஆய்வுக் கழகத்தின் வெ. இராதாகிருஷ்ணனும் ஜி. ஸ்ரீனிவாசனும் அதே ஆண்டில் "கரண்ட் சயின்ஸ்" இதழில் விடை எழுதினர். ஆல்பர், செங், ரூடர்மன், ஷாகம் ஆகியோரும் தனித்து அதே முடிவை எட்டினர். இறந்துபோன துடிப்பு விண்மீன் ஒன்று எக்ஸ் கதிர் இரட்டை அமைப்பில் துணையின் பொருளைப் பெற்று மீண்டும் முடுக்கப்படுகிறது என்பதே அவ்விடை. செண்டாரஸ் எக்ஸ்-3இல் கண்ட முடுக்கமே நெடுங்காலம் தொடர்ந்தால் என்னவாகும் என்ற வினாவின் நீட்சி அது. சென்னைத் தண்டையார்பேட்டையில் பிறந்த இராதாகிருஷ்ணன், வேலா துடிப்பு விண்மீனின் முனைவாக்கத்தை அளந்து 1969இலேயே இத்துறையில் பெயர் பெற்றவர்.

இக்கருத்து உண்மையாயின், பொருட்சேர்வு நடந்துகொண்டிருக்கும் எக்ஸ் கதிர் இரட்டைகளில் மில்லி விநாடித் துடிப்பு தென்பட வேண்டும். ஐரோப்பாவின் எக்சோசாட், ஜப்பானின் ஜிங்கா ஆகிய செயற்கைக்கோள்களின் தரவுகளில் தேடியும் அது கிடைக்கவில்லை. தேடலின் கடினம் டாப்ளர் விளைவிலேயே இருந்தது. 1971இல் விடை தந்த அதே விளைவு இப்போது மறைப்பானது: சில மணி நேரத்தில் சுற்றிவரும் விண்மீனின் மில்லி விநாடித் துடிப்பை நீண்ட நேரம் மடித்தால், மாறும் காலவட்டம் துடிப்பைச் சிதறடித்துவிடும், குறுகிய நேரம் மடித்தால் போதிய ஒளியன்கள் இரா. பெரிய எண்ணிப் பரப்பும் நுண்ணிய காலப் பகுதிறனும் ஒருங்கே வேண்டும்.

1995 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட ரோசி எக்ஸ் கதிர்க் கால ஆய்வுக்கலத்தில் அவ்விரண்டும் இருந்தன. அதன் எண்ணிப் பரப்பு ஏறத்தாழ 6500 சதுர சென்டிமீட்டர். நேரத்தை மைக்ரோ விநாடி அளவில் குறிக்க வல்லது. பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் 1996இல் கண்ட சாக்ஸ் ஜே1808.4–3658 என்னும் ஊற்று 1998 ஏப்ரலில் மீண்டும் ஒளிர்ந்தபோது, வைனாண்ட்ஸும் வான் டெர் கிளிஸும் அதில் விநாடிக்கு 401 துடிப்புகளைக் கண்டனர். சக்ரவர்த்தியும் மார்கனும் அதன் சுற்றுக்காலம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் என்று நிறுவினர். முன்கணிப்புக்கும் சான்றுக்கும் இடையே 16 ஆண்டுகள் கழிந்திருந்தன.

எனினும் ஒரு கண்ணி எஞ்சியிருந்தது. முடுக்கப்படும் எக்ஸ் கதிர்த் துடிப்பு விண்மீன் ஒருபுறம்; முடுக்கப்பட்டு முடிந்த வானொலித் துடிப்பு விண்மீன் மறுபுறம். இரண்டும் ஒரே பொருளின் இரு நிலைகள் என்பதை ஒரே விண்மீனில் எவரும் கண்டதில்லை. 2013 மார்ச் இறுதியில், தனுசு மண்டலத்திலுள்ள எம்28 என்னும் கோளக் கொத்தில் இன்டெக்ரல் செயற்கைக்கோள் ஒரு புதிய எக்ஸ் கதிர் ஊற்றைக் கண்டது. எக்ஸ்எம்எம்-நியூட்டன் அதில் 3.93 மில்லி விநாடித் துடிப்பையும் 11 மணி நேரச் சுற்றுக்காலத்தையும் அளந்தது. பழைய பட்டியல்களைப் புரட்டியபோது, அதே காலவட்டமும் அதே சுற்றுப்பாதையும் கொண்ட வானொலித் துடிப்பு விண்மீன் ஒன்று அக்கொத்தில் 2006இலேயே பதிவாகியிருந்தது தெரிந்தது. ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்த எக்ஸ் கதிர்ப் பொலிவு அடங்கிய சில நாள்களில், வானொலித் துடிப்பு மீண்டும் கேட்கத் தொடங்கியது.